கூதிர்காலத்து அப்பம்



நம் முன்னோர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மேனாட்டார் இலையுதிர்காலம் என்று வழங்கும் பருவம் ஏறத்தாழ இக்கூதிர்காலத்தோடு ஒட்டி வருகிறது. ஆயின் காவிரிக்கரையில் இலைகள் நிறம் மாறி உதிர்வதில்லை, மழை பெய்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீச, ஆற்றில் செந்நீர் ஓட, திருவரங்கத்து வீதிகளில் ஈரம் உலராத நாட்கள் அவை. ஐப்பசித் திங்களில் அரங்கன் திருமஞ்சனத்திற்கு அம்மா மண்டபத்துக் காவிரியிலிருந்து யானைமீது பொற்குடத்தில் நீர் கொண்டு வருவர். ஏனைய திங்களில் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக்குடத்தில் வரும். அந்தத் துலா மாதம் கழிந்து கார்த்திகை விளக்கீடு வருகையில், நம் இல்லங்களில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும். அரிசியும் வெல்லமும் வாழைப்பழமும் சேர்ந்த மாவு கரண்டி கரண்டியாக விழும். அதுவே அப்பம்.

இதே பருவத்தில் ஆங்கில நாட்டிலும் ஜெர்மனியிலும் ஆலந்திலும் மகளிர் ஆப்பிள் பழத்தை வட்டமாக அரிந்து, மாவில் தோய்த்து, நெய்யிலோ கொழுப்பிலோ பொரித்து, சர்க்கரை தூவி உண்கின்றனர். நேபாளத்தில் தீபாவளியை ஒட்டி வரும் திகார்ப் பண்டிகையின்போது, அரிசி மாவில் நெய்யும் சர்க்கரையும் சேர்த்து, சில வீடுகளில் கனிந்த வாழைப்பழமும் பிசைந்து, வளையம்போல ஊற்றிப் பொரிக்கின்றனர். சேல் ரொட்டி என்பது அதன் பெயர். ஒருவரையொருவர் அறியாத மக்கள் ஒரே பருவத்தில் ஒரே வகைப் பண்டத்தைச் செய்கின்றனர் என்றால், அதற்குக் காரணம் இருத்தல் வேண்டும் அன்றோ?

காரணம் விளைச்சலில் இருக்கிறது. மேனாட்டில் ஆப்பிள் முதிர்வது அப்பருவத்தில். நம் நாட்டில் குறுவை நெல் அறுவடையாகிப் புத்தரிசி வீட்டுக்கு வருவது புரட்டாசி ஐப்பசியில். சங்க நூலாகிய அகநானூற்றில் 141ஆம் பாட்டு நக்கீரர் பாடியது. கார்த்திகை விளக்கீட்டைக் கூறும் மிகப் பழைய பாடல்களுள் அது ஒன்று. அப்பாட்டிலேயே மகளிர் புதுநெற்கதிரை முறித்துப் பசிய அவல் இடிக்கும் காட்சியும் வருகிறது. விளக்கும் புத்தரிசியும் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரே பருவத்தில் இணைந்து நிற்பதை அதனால் அறிகிறோம். மழைக்காலத்தில் வடகமோ வற்றலோ வெயிலில் உலர்த்த இயலாது என்பதையும் மறத்தல் கூடாது. உலர்த்திச் சேமிக்க முடியாத பருவத்தில் பொரித்துச் சேமிப்பதே வழி. முறையாகச் சுட்ட அதிரசம் பல நாள் கெடாதிருக்கும். பழம் சேர்ந்த அப்பம் அத்தனை நாள் தாங்காது; இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். வீட்டில் சிறுவர் இருந்தால் அந்தக் கவலை எழுவதில்லை.

இனி அப்பத்தின் பழமையைப் பார்ப்போம். ஒரு தின்பண்டத்துக்கும் வரலாறு உண்டோ என்று சிலர் நகைக்கலாம். அரசர் செய்த போர்களுக்கு நாள் குறித்து வைத்திருக்கிறோம். அப்போர்களில் செத்தவரைவிட அப்பம் உண்டவர் தொகை மிகுதி என்பதை மட்டும் நினைவூட்டி மேலே செல்கிறேன்.

பத்துப்பாட்டில் ஒன்று மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்த எழுந்த பாட்டு அது. ஆயினும் புலவர் மதுரை நகரத்தின் பகலையும் இரவையும் விரிவாகக் காட்டுகிறார். நள்ளிரவு நெருங்குகிறது. கடைகள் அடைபடுகின்றன. தேனடை போன்ற மெல்லிய அடையும், பாகும் பூரணமும் சேர்ந்த மோதகமும் விற்றவர்கள் இருந்த இடத்திலேயே தூங்கி விழுகின்றனர். அவர்களுள் இனிய பாகு வைத்திருந்த கூவியரும் உண்டு. கூவியர் என்பார் அப்பம் சுட்டு விற்போர். பகலெல்லாம் அடுப்பின் முன் நின்று, விற்று முடியாத பண்டத்தை விட்டுப் போக மனமில்லாமல் உட்கார்ந்தபடியே உறங்கும் ஓர் ஏழை வணிகரை அரசனுக்குப் பாடிய பாட்டில் காண்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலும் இக்கூவியர் வருகின்றனர். கரிய அகலில் அவர்கள் பாகு சேர்த்துச் செய்த, இழை சூழ்ந்த வட்டமான அப்பம் பாலில் கிடப்பதை அப்புலவர் கூறுகிறார். அகல் கருமை அடைந்திருந்தது என்ற ஒரு செய்தி போதும். நாள்தோறும் தீயில் ஏறிய பாத்திரம் அது என்பது விளங்கும். சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரத்து வீதிகளைச் சொல்லும்போது காழியரையும் கூவியரையும் அடுத்தடுத்து வைக்கிறது. முன்னவர் பிட்டு விற்போர், பின்னவர் அப்பம் விற்போர் என்று உரையாசிரியர் பொருள் கூறினர். மதுரையிலும் காஞ்சி நாட்டிலும் புகாரிலும், அதாவது மூவேறு நாடுகளில், அப்பம் சுடுவது ஒரு தனித்தொழிலாக, தனிப்பெயர் பெற்ற மக்களின் பிழைப்பாக இருந்தது.

அப்பம் என்னும் சொல்லைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. இருக்கு வேதத்தில் அபூபம் என்றொரு பண்டம் நெய்யோடு கூறப்படுகிறது. அச்சொல்லே தமிழில் அப்பம் ஆயிற்று என்பர் சிலர்; தமிழிலிருந்தே அங்குச் சென்றது என்பர் சிலர். இவ்வழக்கைத் தீர்த்து வைக்க நான் முயலவில்லை. எனக்கு அதைவிடச் சுவையாகத் தோன்றுவது மற்றொரு சொல். எண்ணெயில் வேகும் பண்டத்தை நாம் பொரிப்பதாகவும் சொல்கிறோம்; ஆனால் வடையையும் அப்பத்தையும் அதிரசத்தையும் 'சுடுவதாக'ச் சொல்கிறோம். தோசையையும் சுடுகிறோம், கிழங்கையும் சுடுகிறோம். நேர்த்தீயில் வாட்டியது, கல்லில் வார்த்தது, எண்ணெயில் இட்டது ஆகிய மூன்றுக்கும் ஒரே வினை. ஆதலால் பழைய நூலில் அப்பம் 'சுட்டார்' என்று வந்தால் அது எண்ணெயில் பொரித்ததா, கல்லில் வார்த்ததா என்று சொல்லை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தவறு. வரலாறு படிக்கும் மாணவர் இத்தகைய இடங்களில் நிதானிக்க வேண்டும்.

சங்க நூல்கள் காட்டுவது கடைத்தெரு அப்பம். வீட்டில் சுட்ட அப்பத்தை எங்கே காண்பது? ஒன்பதாம் நூற்றாண்டினரான பெரியாழ்வாரிடம் காண்கிறோம். கண்ணன் நீராட மறுக்கிறான். யசோதை அவனைக் கெஞ்சுகிறாள், மிரட்டுகிறாள், கடைசியில் ஆசை காட்டுகிறாள். அப்பமும் சிற்றுண்டியும் சுட்டு வைத்திருப்பதாகவும், அவற்றைத் தின்ன வேண்டுமானால் குளிக்க வரவேண்டும் என்றும் சொல்கிறாள். வேறோர் இடத்தில் இலட்டு, சீடை, எள்ளுருண்டை ஆகியவற்றையும் அவர் பாடுகிறார். ஆய்ப்பாடியைப் பாடுவதாக இருந்தாலும் ஆழ்வார் கண்முன் இருந்தவை வில்லிபுத்தூரின் அடுப்பங்கரைகளே. குளிக்க மறுக்கும் பிள்ளைக்குத் தின்பண்டம் காட்டும் தாயை நாம் எல்லோரும் அறிவோம். கோயில் மடைப்பள்ளியும் கடைத்தெருவும் அல்லாமல் ஒரு தாயின் கையால் அப்பம் சுடப்பட்டதற்கு இப்பாட்டு நல்ல சான்று. எழுதுகோல் பெரும்பாலும் ஆடவர் கையில் இருந்த காலத்தில், வீட்டு அடுப்பைப் பற்றிய செய்தி இப்படித் தற்செயலாகத்தான் கிடைக்கிறது.

அருணகிரிநாதர் பதினைந்தாம் நூற்றாண்டினர். திருச்சிராப்பள்ளிக்கு அருகே உள்ள வயலூரோடு அவர் பெயர் பிணைந்தது. திருப்புகழின் முதலில் ஓதப்படும் விநாயகர் பாடலில் கனியும் அப்பமும் அவலும் பொரியும் ஒருங்கே நிவேதனமாக வருகின்றன. கனி வேறு, அப்பம் வேறு என இலையில் தனித்தனியே இருந்தவற்றை மாவில் ஒன்றாக்கிய கை எந்தக் கையோ, அக்கைக்கு நாம் கடன்பட்டவர்கள்.

கல்வெட்டுகளுக்கு வருவோம். திருவரங்கக் கோயிலின் கல்வெட்டுகளே தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் 24ஆம் தொகுதி முழுவதையும் நிரப்புகின்றன. அமுதுபடிக்கும் விளக்குக்கும் நந்தவனத்துக்கும் அரசரும் வணிகரும் பிறரும் விட்ட நிலமும் பொன்னும் அவற்றில் குறிக்கப்பட்டுள்ளன. திருமலையின் விசயநகர காலத்துக் கல்வெட்டுகளில் அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி என்று ஒவ்வொரு பண்டத்துக்கும் தனிக்கட்டளைகள் உண்டு. அரிசி இவ்வளவு, நெய் இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு என்று கல்லில் வெட்டினார்கள். அளவு குறைந்தால் கேட்பதற்கு ஆள் இருந்தது.

பழத்தைப் பற்றிய ஒரு கல்வெட்டை மட்டும் சற்று நின்று பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பிள்ளையார்க்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் படைக்க ஏற்பாடு செய்தான். அதற்காக 360 காசைத் தஞ்சை நகரத்து வணிகரிடம் முதலாக வைத்தான். காசு ஒன்றுக்கு ஆண்டு வட்டி அரைக்கால் காசு. பழத்தின் விலை காசுக்கு 1,200. இப்போது கணக்கைப் போடுங்கள். 360 காசுக்கு அரைக்கால் வட்டி 45 காசு. 45 காசுக்குப் பழம் 54,000. நாளொன்றுக்கு 150 வீதம் அது 360 நாளைக்குச் சரியாக வருகிறது. ஒரு பழம் மிஞ்சவும் இல்லை, குறையவும் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இக்கணக்கைப் போட்ட அலுவலரை என் வகுப்பில் பாராட்டாமல் நான் விட்டதில்லை. பிள்ளைகளுக்கு வட்டிக் கணக்கும் சோழர் வரலாறும் ஒரே பாடத்தில் முடிந்துவிடும். காவிரி நாட்டில் வாழைப்பழம் எத்துணை மலிவாகவும் தட்டின்றியும் கிடைத்தது என்பதும் இதனால் விளங்குகிறது. ஆண்டின் எந்த நாளிலும் 150 பழம் தருவதாக வணிகர் ஒப்புக்கொள்ள வேண்டுமானால், ஆண்டு முழுதும் குலை வெட்டும் தோட்டங்கள் அண்மையில் இருந்திருக்க வேண்டும்.

திருச்சியிலிருந்து கல்லணை வழியே கிழக்கே சென்றால் கொள்ளிடத்தின் தென்கரையில் கோவிலடி என்னும் ஊர் வரும். ஆழ்வார்கள் திருப்பேர்நகர் என்று பாடியது அவ்வூரே. அங்கே பள்ளிகொண்ட பெருமாளுக்கு அப்பக்குடத்தான் என்று பெயர். வலக்கை ஓர் அப்பக் குடத்தை அணைத்தபடி இருக்கும். சாபத்தால் துன்புற்ற உபமன்யு என்னும் அரசன் அன்னதானம் செய்து வருகையில், முதியவராக வந்த பெருமாள் சமைத்ததெல்லாம் உண்டு, இன்னும் பசி ஆறவில்லை என்று ஒரு குடம் அப்பம் கேட்டார் என்பது தலபுராணம். இன்றும் இரவுதோறும் அங்கே அப்பம் நிவேதனமாகிறது. தலபுராணத்தை நான் வரலாறாகக் கூறவில்லை. ஆனால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழ்ந்த மக்கள், தம் இறைவனுக்கே தீராத ஆசை ஒன்று உண்டு எனக் கருதி, அதற்கு எந்தப் பண்டத்தைத் தேர்ந்தனர் என்பது வரலாற்றுச் செய்திதான்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடந்து போதல் முறையன்று. மடைப்பள்ளியின் அப்பம் எல்லோருடைய கைக்கும் எட்டியதில்லை. சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டு ஆலய நுழைவு அனுமதிச் சட்டம் வரும் வரையில், நெல் விளைவித்து வாழைக்கு நீர் பாய்ச்சிய உழைப்பாளர் பலர் கோயில் வாசலுக்கு வெளியே நின்றனர். படி கணக்கைக் கல்லில் காணும்போது, அந்தப் படியை உண்ணாதவர் யார் என்ற கேள்வியையும் மாணவர் கேட்டுக்கொள்ள வேண்டும். கூவியர் தெருவில் காசு கொடுத்தவருக்கெல்லாம் அப்பம் தந்தனர்.

இப்போது ஆப்பிளின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதன் தாயகம் நடு ஆசியாவில் தியான்சான் மலைச்சாரல். அங்கிருந்து வணிகப் பாதைகளின் வழியே மேற்கே பரவியது. கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் உரோமானியரான கேட்டோ எழுதிய உழவு நூலில், பாலாடைக்கட்டியையும் மாவையும் உருண்டையாக்கி, கொழுப்பில் பொரித்து, தேன் தடவி, கசகசா தூவும் பண்டம் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 1390இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சமையற்காரர் தொகுத்த நூலில் ஆப்பிளை மாவில் தோய்த்துப் பொரிக்கும் முறை வந்துவிட்டது. அரசர் அடுக்களையில் எழுதப்பட்ட அப்பண்டம் காலப்போக்கில் குடியானவர் வீட்டு இலையுதிர்காலப் பண்டமாயிற்று.

இந்தியாவிற்கு வந்த ஆங்கிலேயருக்குத் தென்னாட்டுச் சமவெளியில் ஆப்பிள் கிடைக்கவில்லை. வாழைப்பழம் கிடைத்தது. அதையே நீளவாக்கில் பிளந்து, முட்டையும் மாவும் கலந்த கூழில் தோய்த்துப் பொரித்தனர். ஆங்கிலோ-இந்தியர் இல்லங்களில் அது நிலைத்த பண்டமாயிற்று. 1928இல் நாகப்பட்டினத்து ரயில்வே பணிமனை திருச்சிப் பொன்மலைக்கு மாற்றப்பட்டபோது, அதனோடு வந்த குடும்பங்களில் ஆங்கிலோ-இந்தியர் பலர் இருந்தனர். ஆகவே ஒரே ஊரில், ஆற்றுக்கு அப்பால் திருவரங்கத்தில் பழம் மாவோடு பிசையப்பட்டு அப்பமாயிற்று. இப்பால் பொன்மலையில் பழம் மாவுக்குள் முழுதாக நின்று பொரிந்தது. மலையாள நாட்டார் இரண்டையும் செய்கின்றனர். பழம் பிசைந்த உண்ணியப்பம் கொட்டாரக்கரை கணபதி கோயிலில் புகழ்பெற்றது. நேந்திரம்பழத்தை அரிந்து தோய்த்துப் பொரிக்கும் பழம்பொரி தேநீர்க் கடைதோறும் உண்டு. மலேசியாவில் உள்ள தமிழரோ அதே பண்டத்தைப் பீசாங் கோரேங் என்று மலாய்ப் பெயரால் வழங்குகின்றனர்.

ஆப்பிள் நம் ஊருக்குப் பெருமளவில் வந்தது பிற்காலத்தில்தான். அமெரிக்கரான சாமுவேல் ஸ்டோக்ஸ் இமாசலத்துக் கோட்கட்டில் 1916இல் செவ்வாப்பிள் கன்றுகளை நட்டார். அதன் பின்பு அம்மலைகளில் அப்பயிர் பெருகியது. இமாசலத்துப் பழமும் காஷ்மீரத்துப் பழமும் ஐப்பசியில் மரப்பெட்டிகளில் வைக்கோல் மணத்தோடு காந்தி மார்க்கெட்டுக்கு வந்து இறங்கும். என் இளமையில் அது நோயாளியின் பழம். ஒருவர் வீட்டுக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு யாரேனும் போனால், அங்கே யாருக்கு உடம்பு சரியில்லை என்று தெருவில் கேட்பார்கள். அத்தகைய பழத்தை எண்ணெயில் போடுவதை அக்காலத்துப் பாட்டிமார் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பர் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன். இன்று பல இல்லங்களில் ஆப்பிளையும் துருவி அப்பத்தில் சேர்க்கின்றனர். செய்து பார்க்கலாம், நீர் அதிகம் விடும், மாவைச் சற்றுக் கெட்டியாகக் கரைக்க வேண்டும்.

அப்பம் செய்யும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்பீர்கள். தெரிந்தது என்று நினைத்தவையே முதலில் மறைகின்றன. ஆதலால் சொல்லி வைக்கிறேன். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணிமேல் பரப்பி, ஈரம் முற்றும் போகாத பதத்தில் இடித்துச் சலிக்க வேண்டும். வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து மண் போக வடிகட்டி ஆறவிட வேண்டும். அதிரசத்துக்குத்தான் பாகு பதம் பார்க்க வேண்டும். அப்பத்துக்கு வெல்லம் கரைந்தால் போதும். தோல் கறுக்கத் தொடங்கிய பூவன் பழத்தை நாரில்லாமல் பிசைந்து, ஏலப்பொடியும் தேங்காய்ப் பல்லும் சேர்த்து, எல்லாவற்றையும் தோசை மாவினும் சற்றுக் கெட்டியாகக் கரைக்க வேண்டும். பின்பு காய்ந்த நெய்யிலோ நல்லெண்ணெயிலோ ஒரு கரண்டி விட வேண்டும். அல்லது குழிகள் அமைந்த வெண்கல அப்பக்காரையில், குழிதோறும் நெய் விட்டு மாவை ஊற்றித் திருப்ப வேண்டும்.

பழம் ஏன்? இனிப்புக்கு என்று மட்டும் எண்ணாதீர்கள். இனிப்புக்கு வெல்லம் இருக்கிறது. கோதுமையில் உள்ள பசை அரிசியில் இல்லை. வெறும் அரிசிமாவு எண்ணெயில் விழுந்தால் இறுகிக் கல்லாகும், அல்லது பிரிந்து போகும். கனிந்த வாழைப்பழம் அதைப் பிணைத்து, உள்ளே ஈரத்தைக் காக்கிறது. காயாக இருக்கும்போது வாழையில் நூற்றுக்கு இருபது பங்கு அளவில் மாவுச்சத்து இருக்கும். பழுக்கையில் அது பெரும்பாலும் சர்க்கரையாகி, ஓரிரு பங்கே எஞ்சும். அச்சர்க்கரையும் மாவில் உள்ள புரதக் கூறுகளும் சூட்டில் சேர்ந்து செம்பழுப்பு நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. 1912இல் இவ்வினையை ஆராய்ந்து எழுதிய பிரெஞ்சு அறிஞர் மையார் பெயரால் அது வழங்குகிறது. எண்ணெய் 170 பாகை அளவில் காய்ந்திருக்க, மாவிலுள்ள நீர் 100 பாகையிலேயே ஆவியாகிக் குமிழியிட்டு வெளிவரும். அந்த ஆவி வெளியே தள்ளும் வரையில் எண்ணெய் உள்ளே புகாது. குமிழி அடங்கியதும் எடுத்துவிட வேண்டும் என்று மூதாட்டிகள் சொன்னதன் காரணம் இதுவே.

காலந்தோறும் அப்பம் மாறியும் வந்திருக்கிறது. 1956இல் இந்தியா அமெரிக்காவோடு செய்துகொண்ட பி.எல். 480 உடன்பாட்டின்படி கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. 1960களின் நடுவே அரிசிக்குத் தட்டுப்பாடு. பங்கீட்டுக் கடையில் கோதுமை கிடைத்தது. அதை என்ன செய்வதென்று சோறுண்ணும் மக்களுக்குத் தெரியவில்லை. அப்போது அப்பம் கைகொடுத்தது. கோதுமை மாவில் வெல்லத்தையும் பழத்தையும் கரைத்து ஊற்றினால் ஊற வைப்பதும் இல்லை, இடிப்பதும் இல்லை. இன்று பல வீடுகளில் அப்பம் என்றாலே கோதுமை அப்பம்தான். பஞ்சத்தின் பிள்ளை அது என்று நான் கருதுகிறேன்; ஆனால் நல்ல பிள்ளை. எண்ணெயிலும் மாற்றம் நேர்ந்தது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த நிலக்கடலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தில் பெரும்பயிரானது; அதற்குப் பிறகே கடலையெண்ணெய் அடுப்பங்கரைக்கு வந்தது. அதற்கு முன்பு நெய், அல்லது எள்ளின் எண்ணெய்.

எல்லாவற்றினும் எனக்குக் கவலை தருவது பழம். திருச்சி வட்டாரத்தில் ரஸ்தாளி ஒரு காலத்தில் பெருமதிப்புப் பெற்ற பழம். மண்ணில் வாழும் ஒருவகைப் பூஞ்சையால் வரும் வாடல் நோய்க்கு ரஸ்தாளி மிக எளிதில் இரையாகும். நோய் புகுந்த நிலத்தில் பல்லாண்டுகள் அப்பூஞ்சை உயிரோடு இருக்கும். மறுபடி நட்டாலும் வாடும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நடு அமெரிக்காவின் பெருந்தோட்டங்களில் குரோ மிஷேல் என்னும் புகழ்பெற்ற வாழையினத்தை அழித்துச் சந்தையிலிருந்தே நீக்கியது இந்நோயே. அதற்கு மாற்றாக உலகமெங்கும் கேவண்டிஷ் இனம் பரவியது. நம் கடைகளில் நீண்டு, பச்சையும் மஞ்சளுமாகத் தொங்கும் பழங்கள் அவ்வினத்தவை. பார்வைக்கு அழகு, ஆனால் அப்பத்திற்கு வேண்டிய சிறு புளிப்பும் இறுக்கமும் அதில் இல்லை என்பது என் நாவின் தீர்ப்பு. பூவன் இன்னும் இருக்கிறது. வெற்றிலையோடும் பூசையோடும் அது பிணைந்திருப்பதால் பிழைத்தது என்று சொல்லலாம்.

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1993இல் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை நிறுவத் திருச்சிராப்பள்ளியைத் தேர்ந்தது. தாயனூரில் உள்ள அம்மையத்தின் தோட்டத்தில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் திரட்டிய வாழையினங்களைப் பேணி வருகின்றனர். நோய்க்கு ஈடுகொடுக்கும் வழிகளையும் ஆராய்கின்றனர். வாழை விதையால் பெருகுவதன்று, கன்றால் பெருகுவது. ஒரு குலம் அற்றுப்போனால் பரணில் மறந்துபோன விதைப்பையிலிருந்து அதை மீட்க இயலாது. யாரேனும் ஒருவர் தோட்டத்தில் ஒரு கன்றாவது நின்றால்தான் உண்டு. கல்லூரி மாணவர்கள் ஒருமுறை அத்தோட்டத்தைப் போய்ப் பார்த்து வருதல் நலம்.

செய்முறையும் அப்படித்தான் இருக்கிறது. நான் ஆசிரியனாக இருந்தபோது ஒரு கார்த்திகைக்கு முன்பு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டில் மூத்த பெண்மணி யாராயிருந்தாலும் அவரிடம் அப்பத்தின் அளவுகளைக் கேட்டு எழுதி வரச் சொன்னேன். மெட்ரிக் அளவைகள் நாட்டில் நடைமுறைக்கு வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்பும், வந்த விடைகளில் கிலோவும் கிராமும் இல்லை. அரிசிக்கு ஆழாக்கும் உழக்கும் இருந்தன. வெல்லத்துக்கு அச்சு, நெய்க்குக் கரண்டி. திருவரங்கத்து ஆழாக்கும் உறையூர் ஆழாக்கும் ஒன்றா என்று அளந்து பார்த்தோம், ஒன்றாக இல்லை. பழத்துக்கு மட்டும் பெரும்பாலோர் எண்ணிக்கையே சொல்லவில்லை; மாவு கேட்கும் அளவு என்றே எழுதியிருந்தது. அது எவ்வளவு என்று தெரிந்துகொள்ளப் பிள்ளைகளை மறுபடி அனுப்பினேன், இம்முறை அருகில் இருந்து எண்ணி வரும்படி. ஆழாக்கு அரிசிக்குப் பழம் ஒன்று என்றவர் சிலர், ஒன்றரை என்றவர் சிலர். ஒரு சிறுமி மட்டும் இரண்டு என்று எழுதி, பக்கத்திலேயே, மற்றொன்றை மாவு கரைக்கும்போது தான் தின்றுவிட்டதாகவும் குறித்திருந்தாள்.